ஆறு ப்ராஜெக்ட், ஆறு சைட்: எதை ஒன்றாக்குவது, எதை அப்படியே விடுவது?

உங்கள் கேள்வி இது: ஆறு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டொமைன், தனி சைட். கோடு ஆளுக்கொரு இடத்தில் கிடக்கிறது. பார்த்துக்கொள்கிறவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர், அதிலும் பாதிப் பேர் இரண்டு மூன்று ப்ராஜெக்டில் இருப்பவர்கள். எல்லாவற்றையும் ஒரே சர்வர், ஒரே சைட், ஒரே லாகின் என்று கொண்டுவந்துவிடலாமா? கொண்டுவந்தால் யார் பார்ப்பது? பழைய விக்கியை என்ன செய்வது?

முதலில் டொமைன் பெயரையும் பாஸ்வேர்ட் போன்ற சாவிகளையும் பேக்கப்பையும் ஒன்றாக்குங்கள். சர்வரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால். நான் பார்த்தவரை எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ஒரு சனிக்கிழமை உற்சாகமாக ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) வாங்குவார்கள், ஆறு சைட்டையும் அதில் ஏற்றுவார்கள், விக்கி, பக் டிராக்கர், சாட் என்று வரிசையாக நிறுவுவார்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பொது வசதி என்பது எப்படி வளர்ந்து எங்கே கடிக்கும் என்று தெரிய ஃப்ரீடெஸ்க்டாப்.ஆர்க் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 2000இல் ஹாவோக் பென்னிங்டன் தொடங்கியது அது. லினக்ஸின் இரண்டு பெரிய டெஸ்க்டாப்களான க்னோமும் கேடிஇயும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டுமே, அதற்கான பொது விதிமுறைகளைப் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் ஆரம்ப நோக்கம். பேச வந்தவர்கள் அப்புறம் கோடு வைக்க இடம் கேட்டார்கள். பிறகு மெயிலிங் லிஸ்ட், பக்சில்லா என்ற பக் டிராக்கர். எக்ஸ்.ஆர்க், மெசா, வேலேண்ட், ஜிஸ்ட்ரீமர், பைப்வயர் என்று லினக்ஸ் டெஸ்க்டாப்பின் முக்கால்வாசி அஸ்திவாரம் இன்று அங்கேதான் குடியிருக்கிறது. 2018 முதல் எல்லாவற்றையும் சொந்தமாக நிறுவிய கிட்லேப்புக்கு (கோடையும் இஷ்யூக்களையும் ஒரே இடத்தில் வைக்கிற மென்பொருள்) மாற்றினார்கள். அதோடு ஒவ்வொரு பேட்சையும் தானாகவே கம்பைல் செய்து சோதித்துப் பார்க்கிற சிஐ வசதியும் வந்தது. டெவலப்பர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

2020 பிப்ரவரியில், ஃப்ரீடெஸ்க்டாப்பின் செலவைப் பார்த்துக்கொள்கிற எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை ஒரு கடிதம் போட்டது. வரும் 12 மாதங்களுக்கு கிளவுட் செலவு ஏறத்தாழ 75,000 டாலர் ஆகும் போலிருக்கிறது, ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் சில மாதங்களில் சிஐயை நிறுத்த வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். பணத்தைத் தின்றதில் பெரும்பங்கு வெளியே போகிற டேட்டா. சிஐ ஓடுகிற கம்ப்யூட்டர்கள் ஓர் இடத்தில், இமேஜ்களும் கோப்புகளும் வேறோர் இடத்தில் கிளவுடில். யாரோ ஒருவர் ஒரு வரியைத் திருத்தி அனுப்பினாலும் சோதனைக்கான மென்பொருள் எல்லாம் அடங்கிய பெரிய பெரிய கண்டெய்னர் இமேஜ்களை மறுபடியும் இழுக்கும். இழுக்கிற ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் காசு. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு மீட்டர் கண்ணில் படுவதில்லை அல்லவா, அதே கதைதான். கடிதம் வெளியே வந்த பிறகுதான் ஒவ்வொரு ப்ராஜெக்டும் தன் சிஐயைத் திறந்து பார்த்து வீண் ஓட்டங்களைக் குறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சர்வர்களுக்கு மாறினார்கள். சில ஆண்டு நிம்மதி. 2025 தொடக்கத்தில் அந்த நிறுவனம் அந்தச் சேவையையே மூடப்போகிறது, ஏப்ரல் முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்ற செய்தி வந்தது. ஆல்பைன் லினக்ஸுக்கும் அதே நிலை. ஃப்ரீடெஸ்க்டாப் மார்ச்சிலேயே ஹெட்ஸ்னர் என்ற சர்வர் வாடகைக் கம்பெனிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கூடவே, இனி சர்வர் வாடகையை நாமே கொடுப்போம், ஸ்பான்சர்கள் அதற்குப் பணமாகத் தரட்டும் என்று நினைக்க ஆரம்பித்தார்கள். எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. இலவச இயந்திரம் என்பது உறவினர் வீட்டு மாடி அறை மாதிரி. எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் ஒருநாள் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அறை தேவைப்படும்.

உங்களுக்கு இதில் என்ன? பொதுவில் ஏதாவது வைத்தால், எந்த ப்ராஜெக்ட் எவ்வளவு இழுக்கிறது என்பது மாதா மாதம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். ஒரு எக்செல் ஷீட் போதும். அப்புறம், சர்வரில் கையால் எதையும் நிறுவாதீர்கள். என்னென்ன நிறுவியிருக்கிறது, எந்த கான்ஃபிக் என்பதெல்லாம் ஸ்கிரிப்டாக ஒரு ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் இருக்கிற களஞ்சியம்) இருக்கட்டும். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னால் காலி செய்ய முடிய வேண்டும்.

அடுத்து பேக்கப். இதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். காரணம், கேடிஇக்கு 2013 மார்ச்சில் நடந்தது. கேடிஇயின் கிட் (கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்) சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின். பாதுகாப்பு அப்டேட் போடுவதற்காக அதை நிறுத்தி மறுபடியும் எழுப்பினார்கள். எழுந்தபோது ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. சரி, அதனால் என்ன, அதன் நகலை வைத்திருக்கும் மிரர் சர்வர்கள் உலகமெங்கும் இருக்கின்றனவே என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த மிரர்கள் எப்படி வேலை செய்தன என்று பாருங்கள். தலைமைச் சர்வரில் எல்லா ரெப்போக்களின் பெயரும் அடங்கிய ஒரு பட்டியல் கோப்பு உண்டு. மிரர்கள் அவ்வப்போது அதை எடுத்துப் படிக்கும். பட்டியலில் புதிதாக இருப்பதை இறக்கிக்கொள்ளும், இல்லாததை அழிக்கும். கெட்டுப்போன சர்வர் கெட்டுப்போன பட்டியலைக் கொடுத்தது. மிரர்கள் சொன்னபடி கேட்கிற பிள்ளைகளாக வரிசையாக அழிக்க ஆரம்பித்தன. அழியாமல் தப்பிய ரெப்போக்களிலும் பழுது அப்படியே நகலாகியிருந்தது, ஏனென்றால் மிரர் முறையில் இழுக்கும்போது கிட் உள்ளே புகுந்து ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதில்லை. கிட்டத்தட்ட 1500 ரெப்போக்கள். ஒரே ஒரு சர்வரில் மட்டும் தற்செயலாக நல்ல நகல் பிழைத்துக் கிடந்தது. அதிலிருந்துதான் எல்லாவற்றையும் மீட்டார்கள். அந்தத் தற்செயல் இல்லாவிட்டால் கேடிஇயின் வரலாறே தனித்தனி டெவலப்பர்களின் லேப்டாப்களில் இருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டியதாகியிருக்கும்.

மிரர் என்பது பேக்கப் இல்லை. தலைமைச் சர்வரில் அழிந்தது எந்த நகலில் தானாக அழிகிறதோ, அந்த நகலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் அளவுக்கு நான் சொல்வது: உங்களில் ஒருவர் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் தினமும் இரவில் எல்லா ரெப்போவையும் இழுத்துவைக்கிற ஸ்கிரிப்ட். சர்வர் அட்மினுக்கு அந்த டெஸ்க்டாப்பின் பாஸ்வேர்ட் தெரியக்கூடாது. பழைய நாட்களின் நகல்களும் தேதி போட்டு அதில் இருக்க வேண்டும். வழக்கத்தைவிட நிறைய ரெப்போ ஒரே நாளில் காணாமல் போனால் ஸ்கிரிப்ட் எதையும் தொடாமல் நின்று கத்த வேண்டும்.

கத்துகிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்.காமில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது, டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால். தோற்றது என்று எச்சரிக்கை மெயிலும் போயிருக்கிறது. அந்த மெயில்களைத்தான் மெயில் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. அன்று கைக்கு வந்தது ஆறு மணி நேரம் முன்பு யாரோ வேறு காரணத்துக்காக எடுத்துவைத்த நகல். இதையெல்லாம் அவர்களே விலாவாரியாக வெளியில் எழுதினார்கள், அந்த நேர்மை பாராட்டத்தக்கது. உங்கள் குழுவில் யாராவது ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் லேப்டாப்பில் பேக்கப்பிலிருந்து ஒரு ப்ராஜெக்டை எழுப்பிக் காட்டட்டும். இஷ்யூக்களையும் (பதிவான குறைகள், கோரிக்கைகள்) சேர்த்துத்தான் சொல்கிறேன். கோடு எல்லாருடைய லேப்டாப்பிலும் இருக்கும், ஆனால் பத்து வருட இஷ்யூ விவாதமும் மெயில் தொகுப்பும் எங்கேயும் இருக்காது.

இப்போது டொமைன். என் அனுபவம் ஒன்று. நாங்கள் ஏழெட்டுப் பேர் நடத்திய ஒரு ப்ராஜெக்டின் டொமைனை ஆரம்பத்தில் ஒரு நண்பர் தன் கல்லூரி மெயில் ஐடி கொடுத்து வாங்கியிருந்தார். படிப்பு முடிந்தது, ஐடி மூடப்பட்டது, அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் காற்றில் போயின. ஒரு திங்கட்கிழமை காலை, முன்பின் தெரியாத ஒருவர் "உங்க சைட்டைத் திறந்தா லோன் விளம்பரம் வருதே, வித்துட்டீங்களா?" என்று எழுதிக் கேட்டார். அப்போதுதான் விழித்துக்கொண்டோம். டொமைன் விற்ற கம்பெனி எங்களிடம் பேசவே மாட்டேன் என்றது. அவர்களைப் பொறுத்தவரை அதன் சொந்தக்காரர் அந்த நண்பர்தான். அவரைத் தேடிப்பிடித்து, அவர் அடையாள அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பி, வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு மீட்புக் கட்டணம் கட்டி வாங்குவதற்குள் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எங்கள் குழு மெயிலும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அதுவும் அதே டொமைனில்தான் இருந்தது.

ஒழுங்காகப் பணம் கட்டி வைத்திருந்தாலும் போகலாம். 1990களிலிருந்து பெர்ல் என்ற புரோகிராமிங் மொழியின் சமூகத்திடம் இருந்த பெர்ல்.காம் களவுபோனது 2021 ஜனவரியில் தெரியவந்தது. சொந்தக்காரர் பக்கம் கவனக்குறைவு இல்லை, டொமைன் பதிவாளரை யாரோ ஏமாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். திருட்டு பல மாதம் முன்பே நடந்து, டொமைன் கை மாறிக் கை மாறி, 1,90,000 டாலர் என்று விலை போட்டு விற்பனைக்கும் வந்தது. பெர்ல் உலகத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதனால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே திரும்பக் கிடைத்தது. நமக்கு அந்தச் செல்வாக்கு கிடையாது.

ஆகவே முதல் வாரத்து வேலை: ஆறு டொமைனையும் ஒரே கணக்குக்கு மாற்றுங்கள். கணக்கின் மெயில் ஐடி அந்த ஆறு டொமைனில் எதிலும் இருக்கக்கூடாது. பாஸ்வேர்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறைந்தது இரண்டு பேரிடம், வேறு வேறு ஊரில். டாட் ஆர்க், டாட் காம் மாதிரியானவற்றை ஒரே மூச்சில் பத்து வருடம் வரை புதுப்பிக்கலாம். ட்ரான்ஸ்ஃபர் லாக் (யாரும் வேறு கம்பெனிக்கு மாற்றிவிடாதபடி ஒரு பூட்டு) போடுங்கள். டிஎன்எஸ் பதிவுகளை (டொமைன் எந்த சர்வருக்குப் போகிறது என்ற விவரம்) ஒரு டெக்ஸ்ட் கோப்பாக ரெப்போவில் வையுங்கள். யார் எதை எப்போது மாற்றினார் என்று பிறகு சண்டை வராது.

சைட்டுக்கு வருவோம். ஆறு சைட்டையும் ஒன்றாக்காதீர்கள் என்பது என் கட்சி. உங்கள் பயனர் தேடி வருவது ப்ராஜெக்டின் பெயரை, உங்கள் குழுவின் பெயரை இல்லை. ஒன்றாக்க வேண்டியது தோற்றமும் கருவியும்தான். கேடிஇ தன் சைட்களுக்கு, சைட் தயாரிக்கும் கருவியான ஹியூகோவில் ஒரு பொது தீம் வைத்திருக்கிறது, உள்ளடக்கத்தை அந்தந்தக் குழு எழுதிக்கொள்கிறது. அப்பாச்சி அறக்கட்டளையில் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் அதன் பெயரில் ஒரு சப்டொமைன். சைட் எப்படி இருக்க வேண்டும் என்பது ப்ராஜெக்டின் இஷ்டம், ஆனால் லைசென்ஸ், பாதுகாப்புக் குறை தெரிவிக்கும் வழி, ரிலீஸுக்கான கையொப்பமும் செக்சமும் (இறக்கிய கோப்பு மாறாததா என்று சரிபார்க்கும் எண்) ஆகியவற்றுக்கு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். இந்த அளவு கட்டுப்பாடுதான் சரி. அதற்கு மேல் போனால் ஒருவரும் சைட்டைத் தொட மாட்டார்கள், அப்படியே பாசி பிடிக்கும்.

ஸ்டாடிக் சைட்டாக, அதாவது முன்பே தயாரித்த வெறும் கோப்புகளாக வையுங்கள், தயவுசெய்து. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் சைட்டின் வேர்ட்பிரஸ் வழியாக ஒருவர் உள்ளே நுழைந்து, டவுன்லோட் இணைப்பை மட்டும் மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பை) காட்டிவிட்டார். மின்ட் கோடு எதையும் அவர் தொடவேயில்லை, சைட் ஒன்றே போதுமானதாக இருந்தது. செக்சம் இருந்தாலும், அது அதே பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் இணைப்பை மாற்றுகிறவர் அதையும் மாற்றிவிட்டுப் போவார். ரிலீஸைக் கையெழுத்திடுகிற சாவி சைட் இருக்கிற சர்வருக்கு வரவே கூடாது.

கோடை எங்கே வைப்பது? இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனி இலவசமாகத் தருகிறது என்று போனவர்கள் பட்டபாடு தெரிந்ததே. கூகுள் கோட் மூடப்படும் என்று 2015 மார்ச்சில் அறிவித்தார்கள், 2016 ஜனவரியில் மூடியே விட்டார்கள். சோர்ஸ்ஃபோர்ஜ் 2015இல் ஜிம்ப் விண்டோஸ் நிறுவியின் பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டு விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கொடுத்தது. பெரிய கூச்சல் எழுந்தது, அடுத்த ஆண்டு கைமாறிய பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். இன்னொரு பக்கம், சொந்தமாக நடத்துவதும் சும்மா இல்லை. 2021 மார்ச்சில் பிஎச்பி மொழியின் சொந்த கிட் சர்வரில், அதன் மூத்த டெவலப்பர்கள் பெயரிலேயே இரண்டு விஷமக் கமிட்கள் (கோடு மாற்றங்கள்) நுழைந்தன. இனி சொந்த கிட் சர்வர் நடத்துவது தேவையில்லாத ஆபத்து என்று முடிவெடுத்து கிட்ஹப்புக்குப் போனார்கள். 2011இல் லினக்ஸின் கோடு இருக்கிற கெர்னல்.ஆர்க்கிலேயே யாரோ புகுந்துவிட்டார்கள். சைட் பல வாரம் முடங்கியது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் தன் கோடைக் கொஞ்ச நாள் கிட்ஹப்பில் வைத்து வேலையைத் தொடர்ந்தார். அது முடிந்ததற்குக் காரணம் முழு வரலாறும் பல நூறு பேர் கையில் இருந்ததும், கிட் ஒவ்வொன்றுக்கும் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) வைத்திருப்பதால் யாரும் நைசாக மாற்ற முடியாததும்தான்.

சம்பளத்துக்கு ஒரு சிஸ்டம் அட்மின் இல்லாத வரை சொந்த கிட்லேப் வேண்டாம் என்பேன். ஏதாவது ஒரு ஃபோர்ஜில் (கிட்ஹப் மாதிரி கோடு வைக்கிற தளத்தில்) குழுவின் பெயரில் ஒரு ஆர்கனைசேஷன் தொடங்கி, ஆறையும் அதில் சேர்த்துவிடுங்கள். அதோடு ஒரே லாகின் பிரச்சினையும் தீர்ந்தது. இரவு பேக்கப் இருக்கிற வரை, நாளை அது மூடினாலும் உங்களுக்கு ஒரு வார வேலைதான்.

இன்னொரு புதுத் தலைவலியும் சேர்ந்திருக்கிறது. ஏஐ கம்பெனிகளுக்காக வலை முழுக்க உறிஞ்சுகிற பாட்கள். கிட் ரெப்போவை வெப்பில் காட்டுகிற மென்பொருளில் ஒவ்வொரு கமிட்டுக்கும், ஒவ்வொரு கோப்பின் ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் ஒரு பக்கம் உண்டு. பாட்டுக்கு அது வற்றாத கிணறு, சர்வருக்கோ ஒவ்வொரு பக்கமும் புதிதாகக் கணக்கிட வேண்டிய வேலை. மென்பொருள் ஆவணங்களை வைக்கிற தளமான ரீட் த டாக்ஸ் 2024இல் இப்படிப்பட்ட பாட்களைத் தடுத்ததும் ஒரு நாள் போக்குவரத்து 800 கிகாபைட்டிலிருந்து 200 கிகாபைட்டுக்கு இறங்கியது. க்னோம் தன் கிட்லேப்புக்கு முன்னால் அனுபிஸ் என்ற காவல்காரனை நிறுத்த வேண்டியதாயிற்று. மாதம் 500 ரூபாய் விபிஎஸ்ஸில் நீங்கள் இதைத் தாங்க முடியாது. ஸ்டாடிக் சைட் தாங்கும்.

யார் பார்ப்பது என்று கேட்டீர்கள். கமிட்டி போடாதீர்கள். இரண்டு பேர், ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறட்டும், அப்படியென்றால் எப்போதும் பழையவர் ஒருவர் இருப்பார். எந்தக் கோரிக்கையும் வாட்ஸாப்பில் வேண்டாம், "இன்ஃப்ரா" என்று ஒரு ரெப்போ வைத்து அதில் இஷ்யூவாகப் போடச் சொல்லுங்கள். புதியவருக்கு அனுமதி கொடுப்பதை எல்லாரும் நினைவாகச் செய்வார்கள், விலகியவரின் அனுமதியை எடுப்பதை எல்லாரும் மறப்பார்கள். பொறுப்பு மாறுகிற நாளில் அந்தப் பட்டியலை உட்கார்ந்து வெட்டுங்கள். சாட் ரூமும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். 2021 மேயில் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி சாட் சேவையின் கட்டுப்பாடு கைமாறியது என்று அதன் தொண்டர்கள் மொத்தமாக விலகி லிபெரா.சாட் தொடங்கினார்கள். பல ப்ராஜெக்ட்கள் அவசர அவசரமாக வீடு மாற வேண்டியிருந்தது. சைட்டில் சாட் முகவரி ஒரே இடத்தில் எழுதியிருந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

பணம் விஷயம் சுருக்கமாக. டொமைனும் காசும் ஒரு சட்டப்படியான அமைப்பின் பெயரில் இருப்பது நல்லது. டெபியன் லினக்ஸ் தன் டொமைனையும் நன்கொடையையும் 1997இல் பதிவான எஸ்பிஐ என்ற அமெரிக்க அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறது, வேறு பல ப்ராஜெக்ட்களும் அதன் குடைக்குள்தான். இந்தியாவில் நீங்களே டிரஸ்ட் தொடங்கலாம், ஆனால் வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், ஆண்டுக்கு 10,000 ரூபாய் செலவுக்காக அந்த அலைச்சல் வேண்டாம். இப்போதைக்கு பன்னிரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். குடை அமைப்பில் சேர்ந்தாலும் அதுவும் மூடலாம் என்பதை நினைவில் வையுங்கள்: ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 முடிவில் கலைந்தது. பல ப்ராஜெக்ட்களுக்கு ஆண்டுக்கணக்கில் சர்வர் இடம் கொடுத்துவந்த ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் சோர்ஸ் லேப், 2025இல் 2,50,000 டாலர் கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான் என்று சொல்லும் நிலைக்கு வந்தது. நல்லவேளை, கிடைத்தது.

கடைசியாக அந்த விக்கி. அழிக்காதீர்கள், புதிய மென்பொருளுக்கு மாற்றவும் முயலாதீர்கள். எடிட் வசதியை மூடிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் எச்டிஎம்எல் கோப்பாக இறக்கி, பழைய முகவரிகளிலேயே ஸ்டாடிக்காக வையுங்கள். பத்து வருடமாக எங்கெங்கோ யார் யாரோ கொடுத்த இணைப்புகள் அப்போதுதான் உடையாது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் "இது பழைய பக்கம்" என்று ஒரு வரி போடுங்கள். பிறகு மூன்று மாதம் சர்வர் லாகைப் பாருங்கள். மனிதர்கள் உண்மையில் படிக்கிற பக்கங்கள் இருபதைத் தாண்டாது என்பது என் ஊகம். அந்த இருபதை மட்டும் கையால் திருத்திப் புது சைட்டில் சேருங்கள்.